ஒற்றை ஆள் இறக்கும் பாய்

வாணியம்பாடியிலிருந்து ஜோஹரா காரில் மலையேறி வந்தபோது பின்சீட்டில் ஓர் ஆள் உட்கார இடமில்லை. இரண்டு பெரிய பைகள் நிறையப் படகுப் பாய்கள். ஈஸ்வரியின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கியதும் அவள் முதலில் சொன்னது இதுதான்.

"கத்திரிக்கோலும் எடுத்துட்டு வந்துட்டேன் ஈசு. இன்னிக்கி முடிவு பண்ணிடுங்க. வெட்டணுமா, வேணாமா?"

"மொதல்ல டீ குடி," என்றாள் ஈஸ்வரி.

சென்னையில் கல்லூரியில் படித்தபோது இருவரும் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் ஒன்றாக இருந்தவர்கள். இரண்டு பேர் ஓட்டும் சின்னப் பாய்மரப் படகில் பந்தயம் போனவர்கள். படிப்பு முடிந்ததும் ஜோஹரா அப்பாவின் தோல் பட்டறைக்குத் திரும்பினாள். ஷூ தைக்கும் கனமான மெஷின்களில் இரண்டை ஒதுக்கி வைத்துக்கொண்டு, படகுப் பாய்களும் கூடாரங்களும் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். ஈஸ்வரி ஜமுனாமரத்தூருக்குத் திரும்பி அரசுப் பள்ளியில் விளையாட்டு டீச்சர் ஆனாள். ஆனாலும் கடலை அவளால் விட முடியவில்லை. கல்யாணமாகி மகள் செல்லி பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகு, புதுச்சேரியில் மூழ்காத குறையாகக் கிடந்த ஒரு பாய்மரப் படகை அவளும் கணவன் குமரேசனும் வாங்கினார்கள். லீவு கிடைத்தபோதெல்லாம் மலையிறங்கிப் போய் அதைச் சரிசெய்தார்கள். ஊரில் அதற்கு 'டீச்சர் வூட்டுக் கப்பல்' என்று பேர். 'சாமை' என்று பெயர் எழுதியது குமரேசன். சின்னதாக இருந்தாலும் எந்த மண்ணிலும் தாக்குப்பிடிக்கும் என்பது அவன் சொன்ன காரணம்.

குமரேசன் கலசப்பாக்கத்துக்காரன். மலை கிராமங்களில் சோலார் பம்பு மாட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும் அவன் தொழில். படகில் மோட்டாரும் மின்சாரமும் அவன் பொறுப்பு. பாயும் காற்றும் ஈஸ்வரியின் பொறுப்பு. வீட்டில் அவனை "இன்னாங்க" என்று கூப்பிடுகிறவளுக்குக் கடலில் அந்த 'ங்க'வைச் சேர்க்க நேரம் இருக்காது. "இழு", "வுடு", "உக்காரு" என்றுதான் வரும். அவனும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

பொங்கல் லீவில் புதுச்சேரியிலிருந்து தெற்கே நாகப்பட்டினம் வரை போவதாகத் திட்டம். அந்த மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். தெற்கே போகிற படகுக்கு அது பின்காற்று. பின்னாலிருந்து வருகிற காற்று சுகமானதுதான், ஆனால் அவர்களிடம் இருந்த முன்பாய் அதற்கு ஆகாது. தொய்ந்து போய்ப் படபடவென்று அடித்துக்கொண்டே கிடக்கும். பின்காற்றுக்கென்று மெல்லிய துணியில் வயிறு உப்பின மாதிரி ஒரு பாய் வேண்டும். புதுச்சேரித் துறையில் பயணத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டுத் தம்பதி தங்கள் பாயை ஈஸ்வரிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நீலமும் மஞ்சளுமாக அருமையான துணி. ஆனால் அது 'சாமை'யை விடப் பெரிய படகுக்குத் தைத்தது. அளவு பார்க்க அதை ஜோஹராவிடம் அனுப்பியிருந்தாள்.

"ஓரத்துலயும் அடியிலயும் வெட்டி அளவைக் கம்மி பண்ணிக் குடுக்கிறேன், மேல ஒரு உறையும் தச்சு மாட்டுறேன்" என்று ஜோஹரா சொல்லியிருந்தாள். "ஆனா வெட்டிட்டா வெட்டினதுதான். அப்புறம் ஒட்டுப் போட்டா காத்துல கிழிஞ்சிரும்."

வெட்ட வேண்டும் என்றாள் ஈஸ்வரி. வெட்டவே கூடாது என்றான் குமரேசன். ஒரு வாரமாக அந்த வீட்டில் இதே பேச்சுதான்.

டீயைக் கையில் வாங்கியதுமே அவன் ஆரம்பித்தான். "நீங்களே சொல்லுங்க ஜோஹரா. பெரிய பாய் போட்டா படகு வேகமாப் போவுமா இல்லியா?"

"போவும். அதுல இன்னா சந்தேகம்?"

"வேகமாப் போனா விடிகாலையில கெளம்பி பொழுது சாயறதுக்குள்ள நாகப்பட்டினம் சேர்ந்துரலாம். நடுக்கடல்ல ராத்திரி தங்க வேணாம். சின்னப் பாய் போட்டா இருட்டிடும். கணக்கு சரிதானே?"

"கணக்கு சரிதான்," என்றாள் ஈஸ்வரி. "பாயை ஏத்தறது ஆரு வேணா ஏத்தலாங்க. காத்து ஏறுறப்ப அதை ஆரு இறக்குறது? படகுல பெரியவங்க நாம ரெண்டே பேரு. ஒருத்தர் தூங்குனா ஒருத்தர்தான் முழிச்சினு இருப்போம்."

"சின்னராஜைக் கூட்டினு போலாம். மூணு ஆளு ஆயிடும்."

சின்னராஜ் ஈஸ்வரியின் தம்பி. வாசலில் நின்று பையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவன் பதறிப் போனான். "மாமா, போளூர் பஸ்சுல மலையிறங்கினாலே நான் ஜன்னலோரம்தான் உக்காருவேன், வாந்தி எடுக்க. என்னைய வுட்டுருங்க."

எல்லோரும் சிரித்தார்கள், குமரேசனைத் தவிர.

"வெறும் வாயில பேசினா இது தீராது," என்றாள் ஈஸ்வரி. "ஜோஹரா, அந்த இன்னொரு பை?"

"நீ கேட்டதுதான். நான் பாய் தச்சுக் குடுக்கிற படகுக் கிளப்போட சின்னப் பாய், உறையோட. உங்க பாயை வெட்டினா இந்த அளவு வரும்."

"அப்போ ரெண்டையும் கொல்லைமேட்டுல ஏத்திப் பாத்துரலாம். இங்கயும் இப்ப வடகிழக்குக் காத்துதான்."

கொல்லைமேடு என்பது ஈஸ்வரியின் அப்பா சாமை போடும் நிலம். அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்றது. மேட்டின் ஒரு பக்கம் உயரமான தைலமரங்கள், மறுபக்கம் திறந்த சரிவு. காலைப் பனி விலகியதும் காற்று அந்தச் சரிவைத் தாண்டி ஒரே சீராக வரும். சின்னராஜ் கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு தைலமரத்தில் ஏறி உச்சிக்குக் கீழே கப்பி ஒன்றைக் கட்டினான். மலைத்தேன் எடுத்துப் பழகியவனுக்கு அது பெரிய வேலையில்லை. பாயின் முன்மூலையை ஜோஹராவின் காரில் இருந்த இழுவைக் கொக்கியில் கட்டினார்கள். பின்மூலைக் கயிற்றைப் பக்கத்து மரத்தின் அடியில் ஒரு சுற்றுப் போட்டுக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியது.

பைக்குள்ளிருந்து துணி வெளியே வந்துகொண்டே இருந்தது. வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியம்மாள் கிட்ட வந்து பார்த்தார். "இன்னா டீச்சரம்மா, இத்தாம் பெரிய பாயி? விரிச்சா ஊரே படுக்கலாம் போலகீதே."

"படுக்கிற பாய் இல்லீங்க. படகை இழுக்கிற பாய்."

"கடலு எங்க, நாம எங்க!" என்று சொன்னாலும் பெரியம்மாள் நகரவில்லை. ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஈஸ்வரி விதியைச் சொன்னாள். "ஏத்தறப்ப எல்லாரும் சேந்து ஏத்தலாம். இறக்குறது ஒரே ஆளு. மத்தவங்க கை கட்டினு உக்காந்து இருக்கணும். கத்தி யோசனை சொல்லக் கூடாது. ஏன்னா கடல்ல மத்த ஆளு தூங்கினு இருப்பாங்க."

"நான்தான் மொதல்ல," என்றான் குமரேசன்.

கயிற்றை இழுக்க இழுக்கப் பெரிய பாய் மேலே போனது. ஒரு கணம் சும்மா தொங்கியது. பிறகு டப் என்று ஒரு சத்தம். நீலமும் மஞ்சளுமாக மேட்டின்மேல் அது நிறைந்து நின்றபோது பெரியம்மாளே "அடி ஆத்தே" என்று எழுந்து நின்றுவிட்டார். தைலமரம் வளைந்தது. கார் லேசாக ஆடியது. செல்லி கை தட்டினாள். ஈஸ்வரிக்கும் மனசு பூரித்தது. அழகான பாய் அது, அதை அவள் மறுக்கவில்லை.

"இப்ப இறக்குங்க," என்று சொல்லிவிட்டு அவள் போய் உட்கார்ந்தாள்.

குமரேசன் பலசாலி. பம்பு மோட்டாரை ஒற்றை ஆளாகத் தோளில் தூக்குகிறவன். பின்மூலைக் கயிற்றை விட்டான். பாய் காற்றில் அவிழ்ந்து கொடி மாதிரி அடித்தது. ஒரு கையால் துணியை வாரி அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் மேல்கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அணைத்த துணி நழுவியது. அதைப் பிடிக்கக் கையை நீட்டியபோது மேல்கயிறு உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓடியது. "ஆ!" என்று விட்டுவிட்டான். பாய் மொத்தமும் பறந்து சரிவில் இறங்கி, உண்ணிச்செடி வேலியைத் தாண்டி, பெரியம்மாளின் ஆடுகள்மேல் விழுந்தது. உள்ளேயிருந்து ஆடுகள் கத்தின.

துணியைக் கிழியாமல் எடுக்க அரைமணி நேரம் ஆனது. சின்னராஜ் ஒவ்வொரு ஆடாக வெளியே இழுத்து விட்டான்.

"கடலா இருந்தா இது இந்நேரம் படகுக்கு அடியில போயி சுக்கானைச் சுத்தியிருக்கும்," என்றாள் ஜோஹரா. குறை சொல்கிற குரல் இல்லை அது.

"எனக்குப் பழக்கம் இல்ல. ஈஸ்வரி பண்ணுவா," என்றான் குமரேசன் உள்ளங்கையை ஊதிக்கொண்டே.

மறுபடி ஏற்றினார்கள். ஈஸ்வரி இறக்கினாள். துணி கீழே விழவில்லை, பறக்கவும் இல்லை. ஆனால் அதற்காக அவள் மண்டியிட்டு, பல்லால் கயிற்றைக் கவ்வி, துணியின்மேல் குப்புறப் படுத்து அமுக்க வேண்டியிருந்தது. எழுந்தபோது மூச்சு வாங்கியது. முழங்காலில் சாமைத்தாள் கீறிய ரத்தக்கோடு.

"பாத்தீங்களா ஜோஹரா, இறக்கிட்டா!" என்றான் குமரேசன்.

"இறக்கினேன். ரெண்டு கையும் பல்லும் சேத்துதான் இறக்கினேன். அத்தினி நேரம் சுக்கானை ஆரு புடிச்சாங்க? படகு எந்தப் பக்கம் திரும்பிச்சின்னு நான் பாக்கவே இல்ல. இந்தப் பாயை என்னாலயும் தனியா இறக்க முடியாதுங்க. அதான் நெசம்."

பிறகு கிளப்பின் சின்னப் பாய். அது நீளமான உறைக்குள் பாம்புச் சட்டை மாதிரி சுருண்டு மேலே போனது. ஒரு கயிற்றை இழுத்ததும் உறை மேலே ஏறிப் பாய் விரிந்தது. பெரியதைப் போல மேட்டையே அடைக்கவில்லை, ஆனால் நன்றாகவே காற்றைப் பிடித்தது. இறக்கும்போது பின்மூலைக் கயிற்றை விட்டுவிட்டு உறையின் கயிற்றைக் கீழே இழுத்தால் போதும். உறை வழுக்கிக்கொண்டு வந்து பாயை விழுங்கிவிடும். முதல் தடவை குமரேசன் அவசரப்பட்டான். பின்மூலையை விடாமலே இழுத்ததில் உறை அசையவில்லை. அவனே யோசித்து மறுபடி செய்தான். இந்தத் தடவை நிமிர்ந்து நின்றபடியே இறக்கி முடித்தான்.

ஜோஹரா கத்திரிக்கோலை எடுத்தாள். "அப்புறம் இன்னா? விரிங்க துணியை."

"வேணாம்," என்றான் குமரேசன். குரல் கொஞ்சம் உயர்ந்தே வந்தது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் திரும்பித் தைலமரங்களின் பக்கம் போய்விட்டான்.

ஈஸ்வரி பின்னால் போனாள். அவன் மரத்தில் கட்டியிருந்த கயிற்றைத் தேவையில்லாமல் அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க ஆச்சு? நீங்க பிடிவாதம் புடிக்கிற ஆளு இல்லியே."

அவன் இன்னொரு முடிச்சை அவிழ்த்தான். பிறகு சொன்னான். "போன வருசம் காரைக்கால் போறப்ப இருட்டிப் போச்சு இல்ல? நீ என்னைத் தூங்கச் சொன்ன. நடுவுல முழிச்சி மேல வந்து பாத்தேன். சுக்கான்கிட்ட நீ இல்ல."

"முன்னாடி போயிருப்பேன். கயிறு சிக்கிக்கிச்சி அன்னிக்கி."

"அது எனக்கு அப்புறம்தானே தெரிஞ்சிது? கொஞ்ச நேரம் படகுல நீயே இல்லன்னு நெனச்சேன். கூப்புடக் கூட வாய் வரல. சுத்தி ஒரே கறுப்பு. செல்லி கீழ தூங்குது. உன்னைத் தேடித் திருப்பிப் போவணும்னா பாயை இன்னா பண்றது, படகை எப்படித் திருப்பறதுன்னு ஒண்ணுமே எனக்குத் தெரியல ஈஸ்வரி. அப்புறம் முன்னாடி உன் தலை தெரிஞ்சிது. நான் ஒண்ணும் சொல்லாம கீழ போய்ப் படுத்துட்டேன். தூக்கமே வரல." அவன் கயிற்றைச் சுருட்டினான். "அதான் ராத்திரியே வேணாம்னு பாக்கிறேன். வேகமாப் போனா ராத்திரி வராது."

ஈஸ்வரி மரத்தில் சாய்ந்து நின்றாள். ஒரு வருஷமாக இதை மனசில் வைத்துக்கொண்டு அவளோடு படகுக்கு வர்ணம் அடித்திருக்கிறான், மோட்டாரைக் கழற்றி மாட்டியிருக்கிறான். அவள் சொல்ல வேண்டியதில் குழப்பமில்லை.

"நீங்க பயந்தது நியாயம்தாங்க. நான்தான் எழுப்பிச் சொல்லிட்டுப் போயிருக்கணும். இனிமே போவேன். ஆனா அந்தப் பெரிய பாய் ஏத்தியிருக்கிறப்ப நான் தண்ணியில விழுந்தா, படகு நில்லாம அதே வேகத்துல என்னை வுட்டுட்டுப் போவும். நீங்க ஆட்டுமேல விழுந்த துணியை எடுத்தாப்ல எடுத்துனு இருக்க முடியுமா அங்க? எனக்கு வேணுங்கிறது வேகம் இல்ல. நான் இல்லன்னாலும் நீங்க தனியா இறக்குற பாய். நீங்க இல்லன்னாலும் நான் இறக்குற பாய்."

அவன் தரையைப் பார்த்தபடி கேட்டான். "ராத்திரி?"

"ராத்திரி வேணாம். நாகப்பட்டினம் வேணாம். காரைக்காலோட நிப்பாட்டிக்கலாம். விடியறதுக்கு முன்னாடி கெளம்பினா சின்னப் பாயிலயே வெளிச்சம் இருக்கிறப்ப போய்ச் சேரலாம். நாகப்பட்டினம் எங்கயும் ஓடிப் போவாது. அடுத்த வருசம் உங்களுக்கே ஆசை வந்தா போலாம்."

குமரேசன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவளே ஆசைப்பட்டுப் போட்ட திட்டம் அது. அதை இவ்வளவு சுலபமாக விடுவாள் என்று அவன் நினைக்கவில்லை.

"இன்னொண்ணு," என்றாள். "பொங்கல் வரைக்கும் தெனம் சாயங்காலம் இங்க வந்து நீங்க அந்தச் சின்னப் பாயை ஏத்தி இறக்கணும். கண்ணை மூடினு செய்யற அளவுக்கு வரணும்."

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. இப்பவே சிரிச்சினுதான் கீறாங்க."

அவன் திரும்பி மேட்டுக்கு வந்தான். ஜோஹரா துணியை விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கல் வைத்துக் காத்திருந்தாள். "குடுங்க," என்று கத்திரிக்கோலை வாங்கினான். காயம்பட்ட கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, கோட்டின்மேல் கத்திரியை ஓட்டினான். புதுத்துணிபோலச் சரசரவென்று வெட்டுப்பட்டது. பாதி வரை அவன், மீதியை ஜோஹரா. வெட்டி எடுத்த துண்டைச் சின்னராஜ் புளி காயவைக்க ஆகும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

அடுத்த வாரமே தைத்த பாய் வந்து சேர்ந்தது. குமரேசன் தினமும் சாயங்காலம் கொல்லைமேட்டுக்குப் போனான். முதல் இரண்டு நாள் வேடிக்கை பார்க்கக் கூட்டம் இருந்தது. அப்புறம் யாரும் வரவில்லை.

போகிக்கு முந்தின நாள் விடிவதற்கு முன்பே 'சாமை' புதுச்சேரித் துறையை விட்டுக் கிளம்பியது. வெளிச்சம் வந்ததும் புதுப் பாயை ஏற்றினார்கள். காற்று இடது தோளுக்குப் பின்னாலிருந்து சீராக வந்தது. அலைகள் படகை முதுகில் தட்டித் தட்டித் தெற்கே அனுப்பின. பெரிய பாய் போல அது பறக்கவில்லை. ஆனால் கரை நகர்ந்துகொண்டே இருந்தது. செல்லி சுக்கானைப் பிடித்துக்கொண்டு பரங்கிப்பேட்டை கடக்கும் வரை பாடிக்கொண்டே வந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கப்புறம் ஈஸ்வரிக்குக் கண் சொருகியது. முந்தின நாளே சரியாகத் தூங்கவில்லை. "நான் படுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"படு. நான் பாத்துக்கிறேன்," என்றான் குமரேசன். அம்மாவும் மகளும் கீழே போய்ப் படுத்தார்கள்.

அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது வடகிழக்கே அடிவானம் சாம்பல் நிறமாகிக் கடல்மேல் ஒரு கறுப்புக் கோடு ஓடி வந்துகொண்டிருந்தது. மழை. அதற்கு முன்னால் காற்று வரும். பாயின் கயிறு இறுகி முறுகியது. சுக்கான் கையில் கனத்தது.

கூப்பிடலாமா என்று ஒரு நொடி நினைத்தான். கூப்பிட்டால் இரண்டே எட்டில் மேலே வந்துவிடுவாள். பிறகு பாயைப் பார்த்தான். இது தன்னால் ஆகும் என்று தோன்றியது. படகு திரும்பாமல் இருக்கச் சுக்கானைக் கயிற்றால் கட்டினான். இடுப்புப் பெல்ட்டின் கொக்கியைப் படகின் ஓரத்தில் ஓடும் பாதுகாப்புக் கயிற்றில் மாட்டினான். பின்மூலைக் கயிற்றை விட்டுவிட்டு, தவழ்ந்து முன்னால் போய், உறையின் கயிற்றைப் பிடித்து இழுத்தான். உறை சரசரவென்று வந்து பாதியில் நின்றது. காற்று முகத்தில் அறைந்தது. மறுபடி இழுத்தான். வரவில்லை. கயிற்றை ஒரு முழம் மேலே விட்டு, உதறி, மறுபடி இழுத்தான். வந்தது. கடைசி வரை வந்தது. மேல்கயிற்றை அவிழ்த்துக் கை மாற்றி மாற்றி விட்டு, பாய் மொத்தத்தையும் தளத்தில் கிடத்திக் கட்டினான். பழைய முன்பாயை விரித்துவிட்டு அவன் பின்னால் வந்து சுக்கானைப் பிடித்தபோது முதல் மழைத்துளி விழுந்தது.

படகின் ஓட்டம் மாறியதும் ஈஸ்வரி விழித்துவிட்டாள். படியில் தலை மட்டும் தெரிந்தது.

"இன்னா ஆச்சு?"

"மழை வருது. பாயை இறக்கிட்டேன்."

அவள் முன்பக்கம் பார்த்தாள். கட்டிக் கிடந்த பாயைப் பார்த்தாள். "என்னை எழுப்பியிருக்கலாமே."

"எழுப்புற அளவுக்கு ஒண்ணும் இல்ல," என்றான். மழையில் தலையெல்லாம் நனைந்திருந்தது. "பெல்ட்டு மாட்டிட்டுத்தான் போனேன். நீ தூங்கு."

அவள் மழைக்கோட்டை எடுத்து அவனிடம் வீசிவிட்டு, உண்மையாகவே கீழே போய்ப் படுத்தாள். அவள் தூங்கிவிட்டதை அவன் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டான். அன்றைக்கு அதைவிடப் பெரிய பாராட்டை அவன் எதிர்பார்க்கவில்லை.

மழை விட்டதும் அவனே பாயை மறுபடி ஏற்றினான். காரைக்கால் துறையில் நுழைந்தபோது மேற்கே இன்னும் நல்ல வெளிச்சம். மீன்படகு ஒன்றின் பக்கத்தில் கட்டினார்கள். செல்லி அம்மாவோடு அடுப்பைப் பற்றவைத்தாள். குமரேசன் ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல் போனை எடுத்து ஜோஹராவைக் கூப்பிட்டான்.

"ஜோஹரா, அந்த உறையோட வாயில ஒரு வளையம் தச்சிருக்கீங்க இல்ல? அது கொஞ்சம் சின்னதா இருக்குது. காத்து ஏறுறப்ப துணி பாதியில மாட்டுது. ஒரு விரக்கடை பெருசு பண்ணணும்."

"அப்டியா? ஆரு இறக்கினது, ஈசுவா?"

"இல்ல, நான்தான்," என்றான் குமரேசன். "கேளுங்க, இன்னொரு யோசனையும் இருக்குது..."